வலிக்காத கொட்டு

'திருடனுக்குத் தேள் கொட்டினாற் போல' என்கிறோம். கொட்டிய நொடியே கடுக்கும். கத்தினால் அகப்பட்டுக்கொள்வான், கத்தாமலும் இருக்க முடியாது. பழமொழி முழுக்க அந்த உடனடி வலியின் மேல்தான் நிற்கிறது. ஈரானின் தென்மேற்கில், ஈராக்கை ஒட்டிய குஜெஸ்தான் மாகாணத்தில் மட்டும் இந்தத் திருடன் தப்பித்துவிடுவான். அங்கே 'காதீம்' என்று ஊரார் சொல்லும் ஒரு தேள் உண்டு. அறிவியல் பெயர் ஹெமிஸ்கார்ப்பியஸ் லெப்ட்யூரஸ். தட்டையான உடல், வெளிறிய மஞ்சள் நிறம், மெலிந்த வால். அது கொட்டினால் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. எறும்பு கடித்ததாக நினைத்துச் சொறிந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்பவர்கள் உண்டு.

விவகாரம் பிறகுதான் ஆரம்பிக்கிறது. கொட்டிய இடம் சிவந்து, கருநீலமாகி, கொப்புளம் கட்டி, சில நாட்களில் தோல் செத்துக் கறுக்கிறது. கடுமையாகத் தாக்கியிருந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போகிறது, சிறுநீரகம் நின்றுவிடுகிறது. அதிகம் இறப்பது குழந்தைகள். அஹ்வாஸ் நகர மருத்துவர் ராத்மனேஷ் இந்த நோயாளிகளைப் பற்றி 1990-ல் விரிவாக எழுதினார். அதைப் படிப்பவருக்கு, தேள்கடியைப் பற்றித்தான் படிக்கிறோமா என்று சந்தேகம் வரும். கண்ணாடி விரியன் கடித்தவரின் படுக்கைக் குறிப்பு போலவே இருக்கிறது.

நம் ஊர்ச் செந்தேளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது கொட்டினால் வலி உயிரை எடுக்கும், வியர்த்துக் கொட்டும், கைகால் சில்லிடும், இதயம் தாறுமாறாக அடிக்கும், முற்றினால் நுரையீரலில் நீர் கோத்து வாயில் நுரை தள்ளும். ஆனால் கொட்டிய இடத்தில் ஒரு புள்ளியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர் செந்தேள்கடிக்கு 'பிரசோசின்' என்ற மலிவான இரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். சாவுகள் சரசரவென்று குறைந்தன. நரம்புகள் கட்டுக்கடங்காமல் உசுப்பிவிடப்படுவதுதான் செந்தேள்கடியில் கோளாறு. மாத்திரை அந்த உசுப்பலின் விளைவைத் தடுக்கிறது. காதீம் கொட்டியவருக்கு இந்த மாத்திரையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கோளாறே வேறு.

இரண்டும் தேள்தான். இரண்டும் வால் நுனிக் குமிழில்தான் விஷம் வைத்திருக்கின்றன. அப்படியிருக்க ஒன்று ஏன் நரம்பைப் பிடிக்கிறது, இன்னொன்று ஏன் சதையைத் தின்கிறது?

விடையின் முதல் நுனி, நேரத்தில் இருக்கிறது. செந்தேளின் முக்கிய நச்சுகள் மிகச் சிறிய புரதங்கள். அறுபது எழுபது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி, கந்தகப் பிணைப்புகளால் இறுக்கி முடிச்சுப் போடப்பட்டிருக்கும். நரம்புச் செல்லின் சவ்வில் சோடியம் போய்வரும் வாயில்கள் உண்டு. அவை திறந்ததும் உடனே மூடியாக வேண்டும். நச்சு அந்த வாயிலில் ஒட்டிக்கொண்டு மூடவிடாமல் செய்கிறது. ஒரு மூலக்கூறு ஒரு வாயிலைப் பிடிக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. பிடித்த கணமே விளைவு தெரியும்.

நொதியின் போக்கு வேறு. என்சைம் என்று நாம் பேச்சில் சொல்லும் இந்தப் புரதம் எதிலும் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஒரு மூலக்கூறை வெட்டும், விடும், அடுத்ததற்குப் போகும். தான் செலவாகாமல் ஆயிரக்கணக்கில் வெட்டிக்கொண்டே இருக்கும். சேதம் சிறுகச் சிறுகச் சேர்ந்து, ஒரு கட்டத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். ஆக, கொட்டியது இரவு, தோல் கறுத்தது மறுநாள் என்றால், அந்தத் தாமதமே 'இது நொதியின் வேலையாக இருக்கலாம்' என்று சொல்லிவிடுகிறது. இது ஊகம்தான், ஆனால் நல்ல ஊகம். எந்த நொதி என்பது அடுத்த கேள்வி.

பழைய வழி ஒன்று இருக்கிறது. தேளின் வாலில் லேசாக மின்சாரம் வைத்தால் கொடுக்கு நுனியில் ஒரு துளி துளிர்க்கும். துளி என்பதே பெரிய வார்த்தை. சில மைக்ரோலிட்டர், குண்டூசித் தலையளவு. நூற்றுக்கணக்கான தேள்களிடம் இப்படிக் கறந்து சேர்த்து, விஷத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி சிவப்பணுவை உடைக்கிறது, எது தோலை அழுக வைக்கிறது என்று சலித்துப் பார்ப்பார்கள். காதீமின் முக்கியக் குற்றவாளி முதலில் பிடிபட்டது இந்த வழியில்தான். 2011-ல் துனிஸ் பாஸ்டர் நிறுவனத்தினர் ஈரானியக் கூட்டாளிகளுடன் சேர்ந்து ஒரு புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து 'ஹெமிநெக்ரோலைசின்' என்று பெயரிட்டார்கள். சிவப்பணுவை உடைப்பது, தோலை அழுக வைப்பது இரண்டையும் அந்த ஒன்றே செய்தது.

மரபணுப் படிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பழைய வேதியியலை மாட்டுவண்டி போலவும் புதிய எந்திரங்களை விமானம் போலவும் காட்டுவது வழக்கம். இந்தக் கதையில் வண்டிதான் முதலில் வந்து சேர்ந்தது. ஆனால் வண்டியில் வந்தது ஒரு புரதம் மட்டுமே. அதற்கு உடன்பிறப்புகள் உண்டா, விஷத்தில் வேறென்ன நொதிகள் ஒளிந்திருக்கின்றன, தேளே இல்லாமல் இதைத் தயாரிக்க முடியுமா என்பதற்கெல்லாம் மரபணுவைப் படித்தாக வேண்டும்.

மரபணு என்றதும் தேளின் டி.என்.ஏ. முழுவதையும் படித்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். சீனத்துத் தேளான மெசோபூத்தஸ் மார்ட்டென்சியை 2013-ல் அப்படிப் படித்தார்கள். புரதம் செய்யும் மரபணுக்கள் 32,016 கிடைத்தன. அதுவரை படிக்கப்பட்ட எந்தக் கணுக்காலியிலும் அவ்வளவு இல்லை. சிக்கல் அந்த எண்ணிக்கையில்தான். தேளின் காலிலும் குடலிலும் உள்ள ஒவ்வொரு செல்லிலும் அத்தனை மரபணுக்களும் இருக்கின்றன. விஷத்துக்கானவை எவை என்று அந்தப் பட்டியல் தானாகச் சொல்லாது. ஆனால் விஷச் சுரப்பியில் மட்டும், அந்த நேரத்தில் எவை வேலை செய்கின்றன என்று கேட்டால் பட்டியல் சுருங்கிவிடும். வேலையில் இறங்கும் மரபணு தன்னை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும், அந்தப் படியைப் பார்த்துத்தான் செல் புரதத்தைக் கட்டும். சுரப்பியில் உள்ள ஆர்.என்.ஏ. படிகளை மொத்தமாக அள்ளிப் படித்தால் விஷத் தயாரிப்பு கையும் களவுமாகப் பிடிபடும். ஒரு திசுவில் ஒரு நேரத்தில் இருக்கும் படிகளின் தொகுப்பைப் 'படித்தொகுதி' எனலாம்.

நேரம் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குமிழ் நிறைய விஷம் வைத்திருக்கும் தேளின் சுரப்பி சோம்பிக் கிடக்கும். தயாரிப்பு தேவையில்லை, படிகளும் குறைவு. அதனால் முதலில் விஷத்தைக் கறந்து காலி செய்துவிட்டு, சுரப்பி மறுபடி நிரப்பத் தொடங்கும் வரை சில நாள் பொறுப்பார்கள். பிறகு வால் நுனியை வெட்டி, அக்கணமே உறையவைப்பார்கள். அவசரத்துக்குக் காரணம் உண்டு: ஆர்.என்.ஏ.வை அறுக்கும் நொதி நம் விரல் வியர்வை உட்பட எங்கும் இருக்கிறது. கையுறை இல்லாமல் தொட்ட ஒரு குழாயால் மொத்த மாதிரியும் பாழாகும்.

அரைத்துப் பிரித்த ஆர்.என்.ஏ.வில் மிகப் பெரும் பங்கு நமக்கு உதவாதது. புரதத் தொழிற்கூடத்தின் உதிரிபாகங்கள் அவை. நமக்கு வேண்டிய படிகளின் வாலில் மட்டும் 'ஏ' என்ற ஒரே எழுத்து நீளமாக வரிசைகட்டி நிற்கும். 'டி' எழுத்துச் சரம் பூசிய நுண்மணிகளைப் போட்டால் அந்த வால்கள் போய் ஒட்டிக்கொள்ளும். மற்றதைக் கழுவிக் கொட்டிவிடலாம். நொறுங்கும் இயல்புள்ள ஆர்.என்.ஏ.வை உறுதியான டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுத ஒரு நொதி இருக்கிறது. ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் 1970-ல் தனித்தனியே வைரஸ்களில் கண்டுபிடித்தது அது. மரபுச் செய்தி டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வுக்கு மட்டுமே போகும் என்ற நம்பிக்கையை உடைத்து, ஐந்தே ஆண்டில் நோபல் பரிசு வாங்கித் தந்த நொதி. இன்று ஆய்வகங்களில் குப்பியில் விலைக்குக் கிடைக்கிறது.

இனிப் படிக்கும் எந்திரம். பரவலாகப் பயன்படும் எந்திரங்கள் நீளமாகப் படிக்காது. ஒரு துண்டில் நூறு, நூற்றைம்பது எழுத்துதான். ஆனால் அப்படிப்பட்ட துண்டுகளைக் கோடிக்கணக்கில் கொட்டும். ஒரு நொதி மரபணுவின் படியோ ஆயிரம் எழுத்துக்கு மேல். துண்டுகளிலிருந்து முழுமையை எப்படிக் கட்டுவது?

பதிப்பாசிரியர் உ.வே. சாமிநாதையர் செய்ததைத்தான் கணினி செய்கிறது. ஒரு நூலுக்கு ஊர் ஊராகத் தேடிக் கிடைத்த ஏடுகளில் ஒன்றில் தலை இருக்காது, ஒன்றில் நடு முறிந்திருக்கும், ஒன்றைக் கறையான் அரித்திருக்கும். இந்த ஏடு முடியும் வரிகள் அந்த ஏட்டின் தொடக்கத்தில் திரும்ப வருகின்றன என்று கண்டால் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கலாம். இப்படித் திரும்ப வரும் வரிகள் இருக்கிற வரை கோத்துக்கொண்டே போகலாம். ஏடு எழுதியவர் கைப்பிழை விட்டிருந்தால், மற்றப் பத்துப் பிரதிகள் அதைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவின் பிராட் நிறுவனத்தார் 2011-ல் வெளியிட்ட 'டிரினிட்டி' என்ற மென்பொருள், முழு மரபணுத் தொகுதி கையில் இல்லாத உயிரிகளுக்காக இதே வேலையைச் செய்வது. தேள் ஆய்வுகள் பலவும் அதைத்தான் நம்பியிருக்கின்றன.

பதிப்பாசிரியரின் பெரிய தலைவலியும் அப்படியே இங்கே வருகிறது: பாடபேதம். ஓரிடத்தில் இரண்டு சொல் கிடைத்தால், ஒன்று பிழையா, அல்லது இரண்டும் உண்மையான பாடங்களா? விஷ மரபணுக்கள் இரட்டித்து இரட்டித்துப் பெருகும் வகை. ஒன்றிலிருந்து நாலெழுத்து மாறிய உடன்பிறப்புகள் நான்கைந்து ஒரே சுரப்பியில் வேலை செய்யும். மென்பொருள் அந்த வேற்றுமையைப் பிழையென்று நினைத்து ஒன்றாக்கிவிடலாம். அதைவிட மோசமாக, ஒன்றின் தலையையும் இன்னொன்றின் வாலையும் ஒட்டி, எந்தத் தேளிலும் இல்லாத மரபணு ஒன்றை உருவாக்கிவிடலாம். இரண்டு நூல்களின் ஏடுகள் ஒரே கட்டில் கலந்த கதை. படி முழுவதையும் ஒரே மூச்சில் படிக்கும் புது எந்திரங்கள் வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

கோத்த படிகள் கைக்கு வந்தாயிற்று. இப்போது கணினியில் இருப்பது ஏ, சி, ஜி, டி என்று நாலே எழுத்தில் ஓடும் பல்லாயிரம் வரிகள். இவற்றில் எது நொதி?

முதலில் புரத மொழிக்குப் பெயர்க்க வேண்டும். மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு அமினோ அமிலம். 'ஏடிஜி' வந்தால் தொடக்கம்; நிறுத்தக் குறி மூன்று உண்டு. எங்கே தொடங்கி நீளமாக, நிற்காமல் ஓடுகிறது என்று தேடினால் புரதத்தின் வரிசை கிடைக்கும். அடுத்து, செல்லைவிட்டு வெளியே அனுப்பப்படும் புரதங்களின் முகப்பில் சுமார் இருபது அமினோ அமிலங்கள், எண்ணெய்ப்பசை விரும்பும் வகையாக நிற்கும். குந்தர் புளோபல் கண்டறிந்த 'முகவரி' இது. 1999-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. விஷம் என்றால் செல்லுக்கு வெளியே வந்தே தீர வேண்டும். முகவரி இல்லாதவற்றைத் தள்ளிவைத்தால் பட்டியல் மளமளவென்று இறங்கும்.

மிஞ்சியவற்றுக்குப் பெயர் வைப்பதுதான் கடைசி. பெயர் வைப்பதென்றால், உண்மையில், உறவு தேடுவது. உலகத் தரவுத்தளங்களில் குவிந்திருக்கும் புரத வரிசைகளோடு நம்முடையதை ஒப்பிடுகிறோம். 1990-ல் வந்த 'பிளாஸ்ட்' என்ற நிரல் இதை நொடிகளில் செய்து, ஒற்றுமையோடு ஒரு எண்ணையும் தரும். இவ்வளவு ஒற்றுமை வெறும் தற்செயலாக, இந்தத் தரவுத்தளத்தின் அளவுக்கு, எத்தனை முறை வரலாம் என்பதே அந்த எண். பூஜ்யத்துக்கு மிக அருகில் இருந்தால் தற்செயல் இல்லை, பொது மூதாதை உண்டு என்று கொள்ளலாம்.

உறவு தேடுவதில் என்ன கிடைக்கும் என்பதற்குத் தேள் உலகத்துக்கு வெளியே ஓர் அழகான நிகழ்ச்சி உண்டு. 1993-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் குந்தர் கிரைலும் க்மாக்லும் தேனீ விஷத்தில் உள்ள ஹையலூரோனிடேஸ் என்ற நொதியின் மரபணுவைப் படித்தார்கள். திசுக்களின் இடைவெளியை நிரப்பியிருக்கும் பிசினை வெட்டி, விஷம் பரவ வழிவிடும் நொதி அது. தரவுத்தளத்தில் உறவு தேடியபோது வந்து நின்றது பாலூட்டிகளின் விந்தணு மேல் இருக்கும் ஒரு புரதம்! அமினோ அமிலங்களில் கணிசமானவை அப்படியே ஒத்திருந்தன. அந்த விந்தணுப் புரதம் முட்டையில் ஒட்ட உதவுவதென்றே அதுவரை எண்ணியிருந்தார்கள். தேனீயைப் பார்த்த பிறகு சோதித்தால், அதுவும் அதே நொதிதான். முட்டையைச் சூழ்ந்த பிசினை வெட்டிக்கொண்டு விந்து உள்ளே போக வழிசெய்கிறது. தேனீ கொட்டுவதைப் படித்தவர்கள் கருவுறுதலைப் பற்றி ஒரு சேதி சொல்லிவிட்டுப் போனார்கள். பிரேசிலின் மஞ்சள் தேளான டிட்யஸ் செருலாட்டஸின் சுரப்பியிலும் இதே குடும்பத்து நொதி இருக்கிறது. 2014-ல் அதன் மரபணு வரிசையை வெளியிட்ட பிரேசில் குழுவினர், அந்த நொதிக்கு மட்டும் எதிரான சீரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பு நச்சை அந்தச் சீரம் தொடவே இல்லை. இருந்தும் சாவு தள்ளிப்போனது, சில எலிகள் பிழைத்தன. நரம்புத் தேளிலும் நொதி வெறும் பார்வையாளர் அல்ல.

காதீமுக்கு வருவோம். ஹெமிநெக்ரோலைசின் எந்தக் குடும்பம்? பாஸ்போலிபேஸ் டி என்று பெயர் வந்தது. செல் சவ்வின் கொழுப்பு மூலக்கூறில் தலைப்பக்கமாக இருக்கும் 'கோலின்' என்ற பகுதியைத் துண்டிப்பது இதன் வேலை. இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. பாஸ்போலிபேஸ் டி என்ற பெயரில் நம் உடல் உட்படப் பல உயிர்களின் செல்லுக்குள்ளும் ஒரு சாது நொதி இருக்கிறது, அன்றாட வீட்டுவேலை பார்ப்பது. விஷத்தில் இருப்பதற்கும் அதற்கும் பெயர் ஒன்றே தவிர, மடிப்பும் வம்சமும் வேறு. தானியங்கிப் பெயரிடலை நம்பி, படித்தொகுதியில் 'பாஸ்போலிபேஸ் டி' என்ற சொல்லைத் தேடினால் இரண்டும் கலந்து வரும். வீட்டுவேலைக்காரனை விஷக்காரன் என்று எழுதிவிட வாய்ப்பு ஏராளம். எந்தச் சுரப்பியானாலும் அதன் செல்கள் உயிர் வாழவே ஆயிரக்கணக்கான சாதாரண நொதிகள் வேண்டும். அவற்றின் படிகளும் இதே குவியலில்தான் கிடக்கின்றன. 'இந்தத் தேளின் விஷத்தில் இத்தனை நொதிகள் கண்டோம்' என்று நீளும் பட்டியல்களைப் பார்க்கும்போது நான் கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டுதான் படிப்பேன்.

பெயரை விட்டு எழுத்தைப் பார்த்தால் குழப்பம் தீரும். லாக்சோசெலிஸ் என்ற பழுப்புச் சிலந்தி கடித்தாலும் தோல் இப்படியே அழுகும், சிவப்பணு இப்படியே உடையும். அந்தச் சிலந்தி நொதியின் முப்பரிமாண வடிவத்தை 2005-ல் தீர்த்திருந்தார்கள். வெட்டும் வேலையைச் செய்வது 12-ஆம், 47-ஆம் இடங்களில் உள்ள, ஹிஸ்டிடின் என்ற அமினோ அமில எழுத்துகள் இரண்டு. 32, 34, 91 ஆகிய இடங்களில் உள்ள மூன்று அமில எழுத்துகள் ஒரு மக்னீசியம் அயனியைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஏறத்தாழ 280 எழுத்தில் மற்றவை எத்தனை மாறினாலும் இந்த ஐந்தும் மாறக்கூடாது. மாறினால் நொதி வெறும் புரதம். காதீமின் வரிசையைச் சிலந்தியின் வரிசைக்குக் கீழே, இடைவெளி சரிசெய்து எழுதிப் பார்த்தால், வெட்டும் எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுகின்றன. சிலந்தியும் தேளும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு உறுப்பினர் எதிர்பாராதவர்: ஆடுகளுக்குக் கழுத்திலும் தோளிலும் சீழ்க்கட்டி வரவைக்கும் கோரினிபாக்டீரியம் என்ற நுண்ணுயிர். அதன் ஆயுதமும் இதே நொதி. 2006-ல் மேத்யூ கார்டெஸ், கிரெட்டா பின்ஃபோர்ட் இருவரும் சிலந்தி, பாக்டீரியா இரண்டிலும் புரதத்தின் வால்பகுதியில் ஒரே மாதிரியான ஒரு சிறு அடையாளம் இருப்பதைக் கண்டு, இந்த மரபணு பெற்றோர் வழியாக அல்லாமல், உயிரியிலிருந்து உயிரிக்கு நேராகத் தாவியிருக்க வேண்டும் என்றார்கள். வழக்கு இன்னும் சுவையாக ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் தேளோடு நிற்போம்.

2017-ல் தெஹ்ரானில் உள்ள ஈரான் பாஸ்டர் நிறுவனத்தார் காதீமின் விஷச் சுரப்பிப் படித்தொகுதியை வெளியிட்டார்கள். அதே ஆண்டு, அந்தச் சுரப்பியில் கிடைத்த ஒரு பாஸ்போலிபேஸ் டி மரபணுவை எடுத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, தேளே இல்லாமல் புரதத்தைத் தயாரித்துக் காட்டினார்கள். பாக்டீரியா செய்துகொடுத்த அந்தப் புரதம் சோதனை விலங்குகளில் தோலை அழுக வைத்தது, எலிகளைக் கொன்றது. காதீம் விஷத்தில் வேறு எத்தனையோ இருக்கின்றன. ஆனால் மற்ற எதுவும் சேராமல் இந்த ஒன்றே அத்தனையும் செய்கிறது என்பதை, விஷத்தைக் கறந்து பிரிக்கிறவரால் சந்தேகமறச் சொல்ல முடியாது. சுத்திகரிப்பில் எப்போதும் ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். பாக்டீரியாவில் செய்த புரதத்தில் தேளின் மற்றப் பொருட்கள் இருக்க வழியே இல்லை. மரபணு வழியின் உண்மையான பலம் வேகத்தைவிட இதில்தான் என்பேன்.

நடுவில் ஒரு படி இருக்கிறது. படித்தொகுதி, சுரப்பி எதைச் செய்ய உத்தரவு போட்டது என்று சொல்லும். செய்து முடித்து விஷத்தில் சேர்த்ததா என்று சொல்லாது. அதற்குக் கறந்த விஷத்தை எடுத்து, டிரிப்சின் என்ற நொதியால் வெட்டுவார்கள். அது லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு எழுத்துகளுக்குப் பின்னால்தான் வெட்டும். ஆகவே ஒரு புரதம் எந்தெந்தத் துண்டுகளாகும், ஒவ்வொன்றும் எவ்வளவு எடையிருக்கும் என்று படித்தொகுதியை வைத்து முன்கூட்டியே கணக்குப் போடலாம். நிறைமானி எந்திரத்தில் நிறுத்துப் பார்த்து, கணக்கோடு எடை ஒத்துவந்தால் அந்தப் புரதம் விஷத்தில் இருக்கிறது. படிகள் நிறைய இருந்து விஷத்தில் தேடினால் அகப்படாதவையும் உண்டு; சொற்பப் படியிலிருந்து விஷத்தில் ஏராளமாகச் சேர்ந்தவையும் உண்டு. சுரப்பியை அறுத்தது நிரப்பத் தொடங்கிய ஒரு நாளில். விஷமோ பல வாரச் சேமிப்பு.

இத்தனைக்குப் பிறகும் பெயர் தவறலாம் என்பதற்கு இந்த நொதியே சாட்சி. சிலந்தி விஷத்தில் இது இருப்பதை 1978-லேயே கண்டிருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் இதன் வேலையை அளந்தது, எவ்வளவு கோலின் விடுபடுகிறது என்று பார்த்துத்தான். கோலின் விடுபட்டது, ஆகவே தண்ணீரைச் சேர்த்துக் கொழுப்பை வெட்டும் பாஸ்போலிபேஸ் டி என்று பாடநூலில் ஏறிவிட்டது. 2013-ல் கார்டெஸ், பின்ஃபோர்ட் குழுவினர் விடுபட்ட கோலினை விட்டுவிட்டு, மிஞ்சிய பகுதி என்னவாகிறது என்று பாஸ்பரஸ் அணுவின் காந்தக் குறிப்பை வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் சேரவே இல்லை. வெட்டுப்பட்ட கொழுப்பு தன் நுனியைத் தானே வளைத்து வளையமாக மூடிக்கொண்டிருந்தது. இரண்டு வழியிலும் கோலின் விடுபடும். கோலினை மட்டும் அளந்தவர்களுக்கு வேறுபாடு தெரிய வழியில்லை. மரபணு வரிசையிலும் இது எழுதியிருக்கவில்லை. பழைய பெயர் இன்றும் தரவுத்தளங்களில் அப்படியே இருக்கிறது; இனி படிக்கப்படும் ஒவ்வொரு தேளின் நொதிக்கும் அதுவே ஒட்டப்படும்.

வரிசை தெரிந்ததால் மருத்துவத்துக்கு என்ன ஆதாயம்? ஈரானில் கராஜ் நகரத்து ராசி நிறுவனம் ஆறு வகைத் தேள்களின் விஷத்தைக் கலந்து குதிரைகளுக்கு ஏற்றி எதிர்விஷம் தயாரிக்கிறது. ஆறில் ஒன்று காதீம். குதிரையின் உடல் எதற்கு எவ்வளவு எதிர்ப்பொருள் செய்யும் என்பது கலவையைப் பொறுத்தது. சிறு நரம்பு நச்சுகளுக்கும் பெரிய நொதிக்கும் அது ஒரே அளவு கவனம் கொடுக்காது. தனி நொதியைத் தொட்டியில் வளர்த்துக் கிலோக் கணக்கில் வேண்டுமானாலும் செய்யலாம் என்றான பிறகு, அதை மட்டும் ஏற்றி அதற்கென்றே எதிர்ப்பொருள் தயாரிக்கும் வழி திறக்கிறது. ஹெமிநெக்ரோலைசினைக் கண்ட குழுவே அந்தத் திசையில் ஆரம்ப ஆய்வையும் செய்திருக்கிறது.

ஆனால் எதிர்ப்பொருள் இரத்தத்தில் சுற்றும் நொதியைப் பிடிக்குமே தவிர, செத்த தோலை எழுப்பாது. காதீம் கொட்டியவர் வலி இல்லாததால் தாமதமாகத்தான் வருகிறார். வரும்போது அது தேளா, பூச்சியா, சிலந்தியா என்று அவருக்கே தெரிவதில்லை. காயத்திலோ இரத்தத்திலோ அந்த ஒரு நொதியை அடையாளம் காட்டும் எளிய சோதனை ஒன்று சிறுநீர் நிறம் மாறுவதற்கு முன்பே கைக்குக் கிடைத்தால், எதிர்விஷம் எவ்வளவு நல்லது என்பதைவிட அது பெரிய விஷயமாக இருக்கும். அப்படியொரு சோதனைக்கும் முதல் தேவை சுத்தமான நொதியும் அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளும்தான். இரண்டுக்கும் தேவையான எழுத்து வரிசை இப்போது கையில் இருக்கிறது.